எரிந்த இல்லமும் எரியாத இல்லறமும்

இல் என்னும் சிறு சொல்லிலிருந்து இல்லமும் பிறக்கிறது, இல்லறமும் பிறக்கிறது. நான்கு சுவர்களையும் ஒரு கூரையையும் குறிக்கும் சொல்லே, அங்கு வாழ்வோர் ஆற்றவேண்டிய அறத்துக்கும் வேராக அமைந்திருக்கிறது. துறவியர், வறியவர், விருந்தினர், சுற்றத்தார் எனப் பலருக்கும் துணையாக நிற்பவனையே இல்வாழ்வான் என்று திருவள்ளுவர் கருதுகிறார். அவ்வாறாயின், ஒருவனது இல்லம் ஒரே இரவில் எரிந்து சாம்பலாகிவிட்டால் அவனது இல்லறம் என்னவாகிறது? நேற்றுவரை பிறருக்குத் துணையாக இருந்தவன் இன்று போர்வைக்கும் சோற்றுக்கும் வரிசையில் நிற்கிறான். அவனுக்கு உதவச் செல்லும் நாம் அவனை எந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும்?

தீயினால் வீடிழந்தோருக்குத் தொண்டாற்றும் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இது. எத்தனை மூட்டை அரிசி, எத்தனை போர்வை என்ற கணக்கைவிட இது கடினமானது. இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அந்த அரிசியும் போர்வையும் தொண்டாகவோ வெறும் பொருளாகவோ ஆகின்றன.

தீ கொண்டுசெல்வது எதை?

வெள்ளம் வடிந்தபின் சேறு படிந்த பாத்திரமேனும் கிடைக்கும். புயல் ஓய்ந்தபின் பறந்துபோன தகரத்தைத் தேடி எடுத்துவரலாம். தீயோ எதையும் திருப்பித் தருவதில்லை. அத்துடன், வெள்ளமும் புயலும் ஊர் முழுவதையும் தாக்குவதால் உலகின் கவனத்தை ஈர்க்கின்றன. ஒரு சந்தில் பத்துக் குடிசைகள் எரிந்தால் அது நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கம் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் பேரிடர்களில் மிகப் பெரும்பகுதி காட்டுத் தீயோ சூறாவளியோ அல்ல. தனித்தனி வீடுகளில் எழும் தீயே ஆகும். உலகுக்கு அது சிறு செய்தி. அந்தக் குடும்பத்துக்கு அது பிரளயம்.

மும்பை மாநகரம் தீயை நன்கு அறிந்த நகரம். 1944 ஏப்ரல் 14 அன்று அதன் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் வெடித்தது. வெடிபொருள்களோடு பஞ்சுப் பொதிகளும் அக்கப்பலில் இருந்தன. எரியும் பஞ்சு அருகிலிருந்த எளியோரின் குடியிருப்புகள்மீது நெருப்பு மழையாய்ப் பொழிந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். தீயணைப்புப் படையினர் 66 பேர் கடமையில் உயிர்நீத்தனர். அவர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அண்மைக் காலத்திலும் 2011 மார்ச்சில் பாந்த்ராவின் கரீப் நகர், 2015 டிசம்பரில் காந்திவலியின் தாமு நகர் என்று குடிசைப் பகுதிகள் எரிந்திருக்கின்றன. தாமு நகரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் அழிந்தன. சமையல் எரிவாயு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துத் தீயைப் பரப்பின.

நகரின் கிழக்குக் கரையில், செம்பூரைக் கடந்தால் டிராம்பே. அணு ஆராய்ச்சி மையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உள்ள அப்பகுதியில், கழிமுகத்தின் சதுப்பு நிலத்தை ஒட்டிச் சீட்டா கேம்ப் போன்ற குடியிருப்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. தாராவி, மாட்டுங்கா போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அருகிலுள்ள மான்கூர்டின் மண்டாலாப் பகுதியில் பழைய பொருள் கிடங்குகள் மிகுதி. 2021 பிப்ரவரியில் அங்கு எழுந்த தீயின் கரும்புகை வெகுதொலைவுக்குத் தெரிந்தது. தகரம், தார்ப்பாய், மரச்சட்டம், ஒட்டுப்பலகை ஆகியவற்றால் ஆன வீடுகள்; ஒன்றோடொன்று பின்னிய மின்கம்பிகள்; தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள். இத்தகைய இடத்தில் ஒரு வீட்டின் தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை.

இங்கு தீ எடுத்துச் செல்வது பொருளை மட்டுமன்று. குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, பழைய மின்கட்டண ரசீது ஆகிய அனைத்தும் தகரப் பெட்டியோடு எரிந்துவிடுகின்றன. மகாராஷ்டிரத்தின் விதிகளின்படி, குடிசைவாழ் மக்கள் 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கு குடியிருந்ததை ஆவணங்களால் நிறுவினால்தான் கட்டணமின்றி மாற்று வீடு பெறும் தகுதி உண்டு. எனவே அந்தக் காகிதம் எரிவதும் வீடு எரிவதுதான். ஒரே தீயில் அவர்கள் இருமுறை வீடிழக்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது இழப்பு ஒன்று உண்டு. வந்தவருக்கு ஒரு குவளை நீர் தரப் பாத்திரமில்லை. பண்டிகை நாளில் அண்டை வீட்டுக்குப் பலகாரம் அனுப்ப அடுப்பில்லை. ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வரும் உறவினனைத் தங்கவைக்க இடமில்லை. கொடுப்பவன் என்ற நிலையையே அவன் இழந்துவிடுகிறான். முதல் இரண்டு இழப்புகளைத் தீ விளைவிக்கிறது. மூன்றாவதை நிரந்தரமாக்குவதும் மாற்றுவதும் பெரும்பாலும் உதவச் செல்வோர் கையில் இருக்கிறது.

வினைப்பயன் என்று விலகலாமா?

ஆன்மீக நாட்டமுள்ளோரிடையே ஒரு வாதம் அவ்வப்போது எழுவதுண்டு. ஒவ்வொருவரும் தத்தம் பிராரப்தத்தை அனுபவிக்கின்றனர். அதில் நாம் குறுக்கிடலாமா, குறுக்கிட்டாலும் பயனுண்டா என்பது அந்த வாதம். கேட்பதற்குத் தத்துவம்போல் தோன்றினும் இதில் ஒரு பிழை மறைந்திருக்கிறது.

வினைக் கோட்பாடு, ஒருவன் தன் துன்பத்தைக் கசப்பின்றித் தாங்குவதற்காக அருளப்பட்டது. பிறர் துன்பத்தை அளக்கும் கோலாக அருளப்பட்டதன்று. என் வீடு எரிந்தபோது, 'இது என் வினை. யார்மீதும் வெறுப்பில்லை' என்று நான் சொன்னால் அது ஞானம். அண்டை வீடு எரியும்போது, 'அது அவன் வினை' என்று நான் சொன்னால் அது சோம்பல். சொற்கள் ஒன்றே; சொல்பவன் நிற்கும் இடம் மாறியதும் பொருளும் மாறிவிடுகிறது.

மேலும், அவனது துன்பம் வினைப்பயன் எனில், அவ்வேளையில் நான் அருகில் இருப்பதும், என் கையில் நீர்க்குடம் இருப்பதும் எதன் பயன்? என் உதவி அவனது வினையின் பகுதியாக இருக்கக்கூடாதென்று எனக்குச் சொன்னவர் யார்? வினையின் போக்கை நாம் அறியோம். நம் கடமையையோ அறிவோம். அறியாததைக் காரணம் காட்டி அறிந்ததைக் கைவிடுவது தத்துவமாகாது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. நம் வீடு எரியாமலிருப்பதற்குக் காரணம் நம் புண்ணியமென்று நாம் கருதிக்கொள்கிறோம். அந்தக் காரணம் பெரும்பாலும் கான்கிரீட் கூரையும் அகலமான தெருவுமே. அவை எல்லோருக்கும் கிடைக்காதது மனிதர் செய்துவைத்த ஏற்பாடு. அதை ஊழின்மீது சுமத்துவது ஊழுக்கும் நீதியன்று.

நாணவேண்டியவர் யார்?

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்கு, கொடுப்பது கடமை என்ற உணர்வோடு கொடுப்பது சாத்விகம். பயனை எதிர்பார்த்தோ மனம் நொந்தோ கொடுப்பது ராஜஸம். மூன்றாம் வகையாகிய தாமஸ தானத்தைப் பற்றிக் கூறுகையில், இடமும் காலமும் பொருந்தாமையோடு மற்றொரு குறையையும் அது சுட்டுகிறது: பெறுபவரை மதியாமல், இகழ்ச்சியோடு கொடுப்பது. அதாவது, கொடுத்த பொருள் நல்லதாயினும் கொடுத்த முறை அதை இருளில் தள்ளிவிடக்கூடும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப்பின் நாகப்பட்டினக் கடற்கரையில் கண்டதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவை, துவைக்காதவை, அந்த மக்கள் ஒருநாளும் அணியாதவை. கடலோடு போராடித் தம் உழைப்பில் வாழ்ந்த மீனவர் அவற்றைத் தொட மறுத்தனர். துணிகள் சாலையோரங்களில் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. 'இவ்வளவு இழந்தும் இவர்களுக்கு இத்தனை கர்வமா?' என்று அப்போது கேட்டவர் உண்டு. அது கர்வமன்று, எல்லாம் போனபின்னும் அவர்களிடம் எஞ்சியிருந்த இல்லறம். கொடுத்தவர்களோ, தம் அலமாரியைக் காலிசெய்ததைத் தானம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

அவ்வாறு தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படச் செய்யும் பணியில் 'கூஞ்ச்' என்ற அமைப்பு ஈடுபட்டது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. கிராம மக்கள் தம் ஊருக்கென ஒரு கிணற்றைத் தூர்வாரினாலோ பாதையைச் சீரமைத்தாலோ, அவ்வுழைப்புக்கு மதிப்பாகத் துணிகளைப் பெறும் முறையை அது வளர்த்தெடுத்தது. துணி பழையதுதான், ஆனால் பெறுபவர் இப்போது இரவலர் அல்லர்.

தைத்திரீய உபநிடதம், கொடுக்கும்போது சிரத்தையோடு நாணமும் அச்சமும் வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. வியப்பூட்டும் கட்டளை இது! உலக வழக்கில் நாணுபவன் பெறுபவன், அஞ்சுபவனும் அவனே. உபநிடதமோ அவ்விரண்டையும் கொடுப்பவன் பக்கம் மாற்றிவைக்கிறது. 'நான் கொடுப்பது போதாதே' என்று நாணவேண்டும். 'என் கொடை இவரைப் புண்படுத்திவிடுமோ' என்று அஞ்சவேண்டும். திருக்குறளில் ஈகை அதிகாரத்துக்கு முன்பாக ஒப்புரவறிதல் என்ற அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஊரோடு ஒத்து வாழ்தல் முதலில்; இல்லாதவருக்கு ஈதல் அதன்பின். இவர் நம்மவர் என்ற உணர்வு முந்தினால் கொடை கீழ்நோக்கி விழாது.

காண்டவத்திலிருந்து வெளிவந்தோர்

மகாபாரதத்தின் ஆதி பருவம் காண்டவ வனம் எரிந்த வரலாற்றைக் கூறுகிறது. அக்கினியின் பசிக்கு அக்காடு இரையாயிற்று. அங்கு வாழ்ந்த உயிர்களில் தப்பியவை மிகச் சிலவே. அவ்வாறு தப்பியோருள் இருவரை இதிகாசம் பின்னும் தொடர்ந்து செல்கிறது.

ஒருவன் அசுரச் சிற்பியாகிய மயன். தீ துரத்த ஓடிவந்து அர்ச்சுனனிடம் அடைக்கலம் கேட்டான். 'அஞ்சாதே' என்று அர்ச்சுனன் அபயமளித்தான், மயன் பிழைத்தான். சபா பருவம் இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது. மயன் கைகூப்பி, தனக்கு வாழ்வளித்தவருக்குத் தான் ஏதேனும் செய்யவேண்டும் என்கிறான். அர்ச்சுனன் மறுக்கிறான், உயிர் காத்ததற்குக் கூலி பெறுவது தகாது என்பது அவன் எண்ணம். மயன் விடவில்லை. அன்பினால் செய்ய விரும்புவதாக மீண்டும் வேண்டுகிறான். அப்போது அர்ச்சுனன் அவனது விருப்பத்தை வீணாக்க மனமின்றி, கண்ணபிரானுக்கு ஏதேனும் செய்யுமாறு கூறுகிறான். கண்ணனோ தனக்கென எதையும் கேளாமல், தருமபுத்திரருக்கு ஓர் ஒப்பற்ற சபை அமைக்கச் சொல்கிறான். இந்திரப்பிரஸ்தத்தின் பெருமைக்குரிய மண்டபம் எழுந்தது இவ்வாறே. காட்டுத் தீயில் இருப்பிடம் இழந்த ஓர் அகதியின் கைவண்ணம் அது.

மற்றொருவன் தட்சகனின் மகனாகிய அச்வசேனன் என்ற நாகம். அவனும் உயிர் தப்பினான். ஆயினும் அவனைக் காக்க முயன்ற தாய் அத்தீயிலிருந்து வெளிவரும்போது அர்ச்சுனனின் அம்பினால் மாண்டாள். அபயச் சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை. நெடுங்காலம் கழித்துக் குருக்ஷேத்திரத்தில் அவன் கர்ணனின் அம்பில் குடிபுகுந்து அர்ச்சுனனை நோக்கி வந்தான். கண்ணன் தேரை அழுத்தியதால் தலை தப்பி முடி மட்டும் போயிற்று.

ஒரே தீயிலிருந்து வெளிவந்த இருவர். ஒருவன் மண்டபம் கட்டினான், மற்றவன் அம்பானான். 'அஞ்சாதே' என்ற சொல்லும், அதன்பின் அவனைக் கொடுப்பவனாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையும் ஒருவனுக்குக் கிடைத்தன. மற்றவனுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

கைம்மாறு கருதாமல் கொடு என்று கீதை கூறியிருக்க, பெறுபவனிடமிருந்து எதையும் ஏற்பது முறையா என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. கைம்மாற்றை எதிர்பாராதிருப்பது கொடுப்பவனின் அறம். திருப்பிச் செய்ய விழைவது பெறுபவனின் அறம். முன்னதைக் காப்பதற்காகப் பின்னதைத் தடுக்கும் உரிமை நமக்கில்லை. அர்ச்சுனன் இரண்டையும் காத்தான்: தனக்கென ஏற்கவில்லை, மயனின் கையையும் கட்டிவிடவில்லை. நன்றி வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கிச் சென்று வேறொருவருக்குப் பயன்பட்டது.

டிராம்பே கற்பித்த பாடம்

சீட்டா கேம்ப்பின் வரலாறே இதற்குச் சான்று. டிராம்பே வட்டாரத்தில் ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. அதன் நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்கெனக் கோரப்பட்டது. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அது இடிக்கப்பட்டு அங்கிருந்த ஏறத்தாழ 70,000 மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அவர்களை வெளியேற்றியது தீயன்று, ஆணை. ஆயினும் ஒரே நாளில் வீட்டை இழந்து, சதுப்பு நிலத்தில் சிறு மனையொன்றில் புதிதாகத் தொடங்கும் துன்பம் ஒன்றே.

அம்மக்களின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கோலார் தங்கவயலில் பிறந்து, இளம் வயதில் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து, தச்சு வேலை செய்த தமிழர் ஜோக்கின் அற்புதம். ஜனதா காலனியை அவரால் காக்க முடியவில்லை. ஆனால் அப்போராட்டக் காலத்தில் எழுந்த தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு ஒரு பேருண்மையை நடைமுறைப்படுத்தியது: எங்களை நாங்களே எண்ணுவோம். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு காலமாக, என்ன தொழில் என்பதை வெளியார் வந்து எழுதுவதற்குமுன் மக்களே எழுதிவைத்தனர். 1980-களில் 'ஸ்பார்க்' என்ற அமைப்பும், நடைபாதையில் வாழ்ந்த பெண்களின் 'மகிளா மிலன்' அமைப்பும் இப்பணியில் இணைந்தன. அற்புதம் அவர்களுக்கு 2000-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. 2018-இல் அவர் மறைந்தார்.

இந்த முறை கடல் கடந்தும் சென்றது. தென்னாப்பிரிக்கக் குடிசைவாழ் மக்கள் 1990-களிலேயே இந்திய நண்பர்களோடு தொடர்புகொண்டனர். அங்கும் தீயே பெரும்பகை. 2005 ஜனவரியில் கேப்டவுன் நகரின் ஜோ ஸ்லோவோ குடியிருப்பில் பரவிய தீ ஆயிரக்கணக்கானோரை வீடற்றோராக்கியது. பிற்காலத்தில் அந்நகரின் சில குடியிருப்புகளில் மக்களே குடிசைகளைக் கணக்கெடுத்து, வரைபடம் தீட்டி, தீ தாவாதவாறும் வண்டி நுழையுமாறும் இடைவெளிவிட்டு அவற்றை மாற்றியமைத்தனர். வீடிழந்தோர் உதவியைப் பெற்றதோடு நிற்கவில்லை. அடுத்த தீயிலிருந்து அண்டை வீட்டாரைக் காக்கும் தொண்டர்களாயினர்.

தொண்டரின் ஒழுக்கம்

இவற்றிலிருந்து தொண்டாற்றச் செல்வோர் கடைப்பிடிக்கத்தக்க சில நெறிகள் விளங்குகின்றன.

முதலாவது, காலம் அறிதல். பசித்தவனிடம் கண்ணியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது கொடுமை. முதல் இரண்டு நாள்களில் நீர், சமைத்த உணவு, தீப்புண்ணுக்கு மருந்து, பெண்களுக்கு மாற்றுடை, மறைவான இடம் ஆகியவையே அறம். பத்தாம் நாள் படம் எடுப்போர் சென்றிருப்பர். அப்போதுதான் பாத்திரமும் தார்ப்பாயும் பள்ளிப் புத்தகமும் கைத்தொழில் கருவியும் தேவைப்படும். அப்போதும் அங்கிருப்பவரே உண்மைத் தொண்டர்.

இரண்டாவது, கேட்டறிதல். என்ன வேண்டும் என்பதை இழந்தவரே நன்கறிவர். நிவாரணப் பட்டியலையும் அந்தச் சந்தின் பெண்களை வைத்துத் தயாரிப்பதே நன்று. தகுதியற்றோர் சிலர் வரிசையில் நுழைந்துவிடுவர் என்ற அச்சத்தில் அனைவரையும் ஐயத்தோடு விசாரிப்பவரைக் காண்கிறோம். யார் வீடு எரிந்தது, யார் வீடு எரியவில்லை என்பதை அண்டை வீட்டுப் பெண்ணைவிட நன்கறிந்தவர் யார்? அவளிடம் பொறுப்பை ஒப்படைத்தால் ஏமாற்றும் குறையும், அவமதிப்பும் இராது.

மூன்றாவது, காகிதத்தைக் காத்தல். எரிந்த ஆவணங்களின் நகல்களைப் பெற அலுவலகம் அலுவலகமாக உடன் செல்வது படித்தவர் செய்யக்கூடிய பெருந்தொண்டு. விளம்பரமில்லாத பணி, ஆனால் ஒரு மூட்டை அரிசி ஒரு மாதம் காக்கும், ஒரு சான்று ஒரு தலைமுறையைக் காக்கும்.

நான்காவது, காரணத்தை வினவுதல். ஒரே சந்து மீண்டும் எரிந்தால், ஒவ்வொரு முறையும் போர்வை கொடுத்துத் திரும்பி வருவது மட்டும் கருணையாகாது. கம்பிகளைச் சீராக்கவும், வண்டி நுழைய வழிவிடவும், மணல் வாளிகளைத் தொங்கவிடவும் அம்மக்களோடு சேர்ந்து முயல்வதும், உரிய அலுவலர்களிடம் வற்புறுத்துவதும் தொண்டின் பகுதியே.

ஐந்தாவது, ஏற்றுக்கொள்ளுதல். குடிசைப் பகுதிகளில் பணியாற்றியோர் பலரும் அறிந்தது இது: சாம்பலுக்கு நடுவே மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டியிருக்கும் ஒரு மூதாட்டி, வந்தவரை நோக்கி, 'ஒரு வாய் சாயா குடிச்சிட்டுப் போங்க' என்பார். அவரிடம் இருப்பது நாம் கொடுத்த தேயிலையாக இருக்கலாம். 'உங்களுக்கே இல்லாதபோது எனக்கெதற்கு?' என்று மறுப்பது பரிவுபோல் தோன்றும். உண்மையில் அந்த மறுப்பு, எரியாமல் எஞ்சிய ஒன்றையும் அணைத்துவிடுகிறது. தம் வீட்டின் முதல் விருந்தினராக அவர் நம்மை அழைக்கிறார். கூரை இன்னும் எழவில்லை. ஆயினும் இல்லறம் தொடங்கிவிட்டது.

அமர்ந்து அந்தத் தேநீரைப் பருகுவோமாக. அரிசியும் போர்வையும் அவருக்கு நாம் கொடுத்தவை. நம்மை விருந்தினராக்கியது அவர் நமக்குக் கொடுத்தது. இரண்டில் பெரிது எது என்று சிந்திக்கத் தொடங்குபவனுக்கு, தொண்டு என்ற சொல்லின் பொருள் விளங்கத் தொடங்கும்.